சோமாலியாவில் மருத்துவ உதவி: நடுவில் உள்ளூர் அமைப்பு எதற்கு?

கேள்வி இது: "சோமாலியாவில் மருத்துவ உதவி செய்கிறோம் என்று நன்கொடை கேட்கும் வெளிநாட்டு அமைப்புகள் எல்லாமே 'உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களுடன் சேர்ந்து' என்று போடுகின்றன. டாக்டரையும் மருந்தையும் நேரடியாகக் கொண்டுபோய் இறக்க வேண்டியதுதானே? நடுவில் இன்னொரு கை எதற்கு? பணம் அங்கேதானே கரையும்?"

சந்தேகம் நியாயமானதுதான். சோமாலியாவில் உதவிப் பொருள் திருட்டுப் போயிருக்கிறது, அதுவும் கொஞ்சநஞ்சமாக அல்ல. 2010-ல் ஐநா கண்காணிப்புக் குழு ஒன்று, உலக உணவுத் திட்டம் அனுப்பும் உணவில் பாதி வரை வழியிலேயே போய்விடுகிறது என்று எழுதியது. உள்ளூர்க் கூட்டாளிகள், லாரி ஒப்பந்தக்காரர்கள், ஆயுதக் குழுக்கள் என்று ஆளுக்கொரு பங்கு. உலக உணவுத் திட்டம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. 2023-ல் மறுபடியும் முகாம்களில் நடக்கும் கொள்ளை பற்றி ஐநா விசாரணை ஒன்று வந்து, ஐரோப்பிய ஒன்றியம் அந்தத் திட்டத்துக்கான நிதியைத் தற்காலிகமாக நிறுத்தியது. ஆக, நீங்கள் கேட்பது கற்பனை பயம் இல்லை.

ஆனால் அதிலிருந்து "உள்ளூர்க்காரரை நீக்கிவிட்டால் சரியாகிவிடும்" என்ற முடிவுக்குப் போனால் தப்பு. அங்கே வெளிநாட்டவர் என்றாவது ஒருநாள் கிளம்பித்தான் ஆக வேண்டும். குண்டு, கடத்தல், நிதி வெட்டு, ஏதோ ஒன்று கிளப்பிவிடும். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக் கதவைத் திறக்க யார் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் இந்தக் கூட்டாண்மைகளை நான் எடைபோடுகிறேன்.

முதலில் ஒன்று. சோமாலி மக்கள் என்றால் சோமாலியா மட்டும் இல்லை. 1991 மே மாதம் தனி நாடாக அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்து, தன்னாட்சி நடத்தும் புன்ட்லாந்து, வடகிழக்குக் கென்யாவின் வஜீர், கரிசா, மண்டேரா, எத்தியோப்பியாவின் சோமாலி மாநிலம், ஜிபூட்டி, கென்யாவில் 1991-ல் தொடங்கிய தாதாப் அகதி முகாம்கள் எல்லாம் சேர்ந்ததுதான். மொழியும் மதமும் ஒன்று, நிலைமை ஊருக்கு ஊர் வேறு. சோமாலிலாந்தின் ஹர்கேசாவில் நடப்பதை வைத்துச் சோமாலியத் தலைநகர் மொகதிசுவைப் பற்றிப் பேச முடியாது.

1991 ஜனவரியில் சோமாலியாவை ஆண்ட சியாத் பாரேயின் அரசு கவிழ்ந்தபோது, சுகாதார அமைச்சகம், மருந்துக் கிடங்கு, மருத்துவக் கல்லூரி எல்லாம் அதோடு போயின. மொகதிசு நடுவில் பிளந்து வடக்கே அலி மஹ்தி, தெற்கே ஜெனரல் அய்தீத் என்று இரண்டு தரப்பு. அந்தக் கோட்டைத் தாண்டிக் காயம்பட்டவரைக் கொண்டுபோக முடியாது. அந்த நேரத்தில் இரண்டு பக்கமும் ஆள் வைத்திருந்த ஒரே அமைப்பு என்று சொல்லத்தக்கது சோமாலியச் செம்பிறைச் சங்கம், அதாவது செஞ்சிலுவைச் சங்கத்தின் அந்நாட்டு வடிவம். 1963-லிருந்து இருக்கும் சங்கம் அது. சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு அவர்களோடு சேர்ந்து வடக்கு மொகதிசுவில் ஒரு சிறைச்சாலைக் கட்டிடத்தை அறுவைச் சிகிச்சை மருத்துவமனையாக்கியது. கெய்சனே மருத்துவமனை அதுதான். 1992-ல் தொடங்கியது, செம்பிறையின் கையில்தான் இருந்துவருகிறது. இடையில் செஞ்சிலுவைக் குழுவின் வெளிநாட்டு மருத்துவர்கள் எத்தனையோ முறை வெளியேறித் திரும்பினார்கள். கத்தி பிடித்த கை பெரும்பாலும் சோமாலிக் கையாகவே இருந்தது.

அதே 1992 பஞ்சத்தில் இந்த இரண்டு அமைப்பும் சேர்ந்து செய்த இன்னொரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். அரிசி மூட்டையாகப் போனால் கொள்ளை போகிறது. சரி, சமைத்துக் கொடுப்போம் என்று முடிவெடுத்தார்கள். வெந்த சோற்றைத் திருடிக்கொண்டுபோய் எந்தச் சந்தையில் விற்பது? 900-க்கும் மேற்பட்ட சமையல் கூடங்கள், பத்து லட்சத்துக்கும் அதிகமான பேருக்குச் சாப்பாடு. பெரும்பாலும் ஊர்ப் பெண்கள் நடத்தியவை. எந்தத் தெருவில் யார் பசியோடு கிடக்கிறார்கள், எவன் மூட்டையைத் தூக்க வருவான் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஜெனீவாவிலிருந்து எத்தனை கணக்காளர்களை இறக்கினாலும் அந்த அறிவு கிடைக்காது. கூட்டாண்மை கசிவைக் கூட்டும் என்றுதானே நினைக்கிறோம்? இங்கே கசிவைக் குறைத்ததே அதுதான்.

அடுத்து குலம். சோமாலி சமூகத்தில் ஹவியே, தாரோத், திர், திகில்-மிரிஃப்லே என்று பெருங்குலங்கள், அவற்றுக்குள் கிளைகள், கிளைகளுக்குள் கிளைகள். அரசு இல்லாத ஊரில் உயிருக்கும் சொத்துக்கும் காப்பீடு இந்தக் குலம்தான். ஒரு வெளிநாட்டு அமைப்பு ஊருக்குள் வந்து கட்டிடம் ஒன்றை வாடகைக்கு எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டிட உரிமையாளர் ஒரு கிளை. இரண்டு லேண்ட் குரூஸர் வாடகைக்கு, அது வேறு கிளை. காவலுக்கு ஆயுதம் ஏந்திய ஆட்கள். எங்கேயும் துப்பாக்கியை அண்டவிடாத செஞ்சிலுவைக் குழுவே சோமாலியாவில் ஆயுதக் காவலை ஏற்க வேண்டி வந்தது. அப்புறம் ஒரு நர்ஸ் வேலைக்கு விளம்பரம். நேர்முகத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்த பெண்ணை எடுத்தால், "எங்கள் பக்கத்துக்கு ஒரு இடமும் இல்லையா?" என்று பெரியவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அந்த நர்ஸை வேலையை விட்டு நீக்குவது அதைவிடப் பெரிய சிக்கல். இதையெல்லாம் யாரிடம், எந்த மரத்தடியில், எத்தனை நாள் பேச வேண்டும் என்பது தெரிந்த ஆள் வேண்டாமா?

கால்கயோ நகரம் இதற்கு நல்ல உதாரணம். ஊரின் வடபாதி புன்ட்லாந்தின் ஆளுகையில், தென்பாதி வேறு குலத்தின் கையில். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அந்த ஒரே ஊரில் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என இரண்டு மருத்துவமனைகளில் வேலை செய்தது. காகிதத்தில் பார்த்தால் வீண் செலவு. ஆனால் கோட்டைத் தாண்டி வர பயப்படும் கர்ப்பிணிக்கு அந்தப் பக்கத்து மருத்துவமனை எத்தனை கிலோமீட்டரில் இருந்தும் பயனில்லை.

அந்த அமைப்பின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் கேட்கும் "நேரடியாகச் செய்" முறைக்கு மிக அருகில் போனவர்கள் அவர்கள்தான். 1991-லிருந்து 22 வருடம். சொந்த நிர்வாகம், சொந்த மருந்து, நேரடிச் சம்பளம். 2012-ல் மட்டும் 6,24,000-க்கும் மேற்பட்ட முறை நோயாளிகளைப் பார்த்தார்கள், 7,300 பிரசவம். சில பகுதிகளில் அவர்களைத் தவிர வேறு மருத்துவமே இல்லை. விலையும் கொடுத்தார்கள். 2008 ஜனவரியில் கிஸ்மாயோவில் சாலையோரக் குண்டு ஒரு கென்ய மருத்துவரையும் ஒரு பிரெஞ்சுப் பணியாளரையும் ஒரு சோமாலி ஓட்டுநரையும் கொன்றது. 2011 அக்டோபரில் தாதாப் முகாமிலிருந்து இரண்டு ஸ்பானியப் பெண் ஊழியர்கள் கடத்தப்பட்டு 21 மாதம் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். அதே 2011 டிசம்பரில் மொகதிசு வளாகத்துக்குள்ளேயே இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2013 ஆகஸ்டில் மொத்தத்தையும் மூடிவிட்டு வெளியேறுவதாக அறிவித்தார்கள். அதுவரை பலியானவர்கள் 16 பேர்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். கொலைகாரர்கள் மேல் மட்டும் அவர்கள் கோபப்படவில்லை. தாங்கள் உட்கார்ந்து பேசிப் பாதுகாப்பு கேட்ட அதே உள்ளூர்த் தலைவர்களும் ஆயுதக் குழுக்களும் இந்தத் தாக்குதல்களைச் சகித்துக்கொண்டார்கள், சில நேரம் துணைபோனார்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். அதனால், 'உள்ளூர் ஆதரவு' என்று யாராவது பொத்தாம்பொதுவாகச் சொன்னால், யாருடைய ஆதரவு என்று கேளுங்கள். இரண்டாவது, மேலிருந்து கீழ்வரை தாங்களே நடத்திய திட்டங்கள் என்பதால், அவர்கள் போனதும் அந்த அளவில் தாங்கிப் பிடிக்க எவரும் இல்லை. 1,500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள், அநேகமாக எல்லோரும் சோமாலியர்கள், ஒரே அறிவிப்பில் வேலை இழந்தார்கள். அமைப்பு திரும்பி வந்தது 2017-ல், கால்கயோவில், முன்பைவிடச் சின்ன அளவில், ஏற்கெனவே இருந்த மருத்துவமனைக்குத் துணையாக.

இதற்கு எதிர்முனை டாக்டர் ஹவா அப்தி. கீவ் நகரில் மருத்துவம் படித்துத் திரும்பிய மகப்பேறு மருத்துவர். மொகதிசுவுக்கு மேற்கே, அஃப்கூயே சாலையில், தன் குடும்ப நிலத்தில் 1983-ல் ஒற்றை அறை மருத்துவமனை தொடங்கினார். போர் வந்ததும் ஓடிவந்தவர்கள் அந்த நிலத்தில் குடிசை போட்டார்கள். ஒரு கட்டத்தில் 90,000 பேர். இரண்டே விதி வைத்தார்: இங்கே குலப்பேச்சு கூடாது, பெண்டாட்டியை அடிக்கக் கூடாது. அடித்தவனைப் பூட்டிவைக்க ஒரு கிட்டங்கி அறையே இருந்தது. 2010 மே மாதம் ஹிஸ்புல் இஸ்லாம் என்ற ஆயுதக் குழுவின் ஆட்கள் நூற்றுக்கணக்கில் வந்து மருத்துவமனையைச் சூறையாடி, ஒரு பெண் இதை நடத்தக் கூடாது, எங்களிடம் ஒப்படை என்றார்கள். அறுபதைத் தாண்டிய அம்மா நகரவில்லை. நீங்கள் ஆண்கள், சரி, இந்த ஜனங்களுக்கு என்ன செய்திருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார். முகாம் பெண்களும் வெளிநாட்டுச் சோமாலியர்களும் கூச்சல் போட, சில நாளில் அவர்கள் பின்வாங்கினார்கள். விட்டாரா? எழுத்தில் மன்னிப்புக் கேள் என்று பிடிவாதம் பிடித்து, வாங்கியும் விட்டார். எந்த வெளிநாட்டு அமைப்பின் திட்ட இயக்குநராவது அதைக் கேட்டிருக்க முடியுமா? வெளி அமைப்புகள் அவருக்கு மருந்தும் சத்துணவும் கொடுத்தன, நல்லது. ஆனால் அந்தக் கதவு திறந்திருந்ததற்குக் காரணம் அவர். 2020 ஆகஸ்டில் காலமானார். மகள்கள் இருவரும் மருத்துவர்களாகி அதே பணியில் இறங்கினார்கள்.

சோமாலிலாந்தில் கதை அமைதியானது, அதனாலேயே செய்தியில் வராது. 1988-ல் சொந்த நாட்டு விமானப்படையே குண்டுபோட்டுத் தரைமட்டமாக்கிய ஹர்கேசாவில், எட்னா அதன் இஸ்மாயில் என்ற மருத்துவச்சி, உலக சுகாதார நிறுவனத்தில் ஓய்வு பெற்றபின் தன் சேமிப்பையும் உடைமைகளையும் விற்று மகப்பேறு மருத்துவமனை கட்டினார். அவருக்குக் கிடைத்த இடம் ஊரின் குப்பைமேடு. 2002 மார்ச்சில் திறந்தார்கள். கட்டும்போதே ஆள் பயிற்சியையும் ஆரம்பித்துவிட்டார், ஏனென்றால் போருக்குப் பிறகு நாட்டில் நர்ஸும் மருத்துவச்சியும் விரல்விட்டு எண்ணும்படி இருந்தார்கள். வெளிநாட்டு மருத்துவர்கள் வந்தார்கள். பிளவு உதடு, பிரசவத்தில் ஏற்படும் ஃபிஸ்டுலா (சிறுநீர் கசியும் துளை) ஆகியவற்றுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார்கள். ஆனால் வேலைத்திட்டம் போடுவது எட்னா, விருந்தாளிகள் அவர்கள். 2023-ல் டெம்பிள்டன் பரிசு அவருக்குக் கிடைத்தது, கணிசமான தொகையை அப்படியே மருத்துவமனைக்குத் திருப்பிவிட்டார்.

அதே ஹர்கேசாவிலும் போராமாவிலும் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஆட்கள் 2000-லிருந்து ஒரு வேலை செய்கிறார்கள். நோயாளியைப் பார்க்க அல்ல, பாடம் நடத்தவும் பரீட்சை வைக்கவும். உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் மருத்துவப் படிப்பைத் தொடங்கியபோது, இறுதித் தேர்வுக்கு வெளித் தேர்வாளர்களாக வந்து உட்கார்ந்தார்கள். நேரில் வர முடியாத மாதங்களில் இணையத்தில் வகுப்பு. இங்கே மாணவர் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்ல, அங்கே லண்டன் மருத்துவர் கேள்வி கேட்பார். நன்கொடை விளம்பரத்தில் போட இதில் அழுகிற குழந்தையின் படம் கிடைக்காது. ஆனால் இன்று சோமாலிலாந்து மாவட்ட மருத்துவமனைகளில் சிசேரியன் செய்யும் இளம் மருத்துவர்கள் இப்படித்தான் வந்தார்கள். சோமாலியாவின் 2020 மக்கள் சுகாதாரக் கணக்கெடுப்பு, ஒரு லட்சம் பிரசவத்துக்கு 692 தாய்மார் இறக்கிறார்கள் என்றது. இதை மாற்றக் கூடியது நாளை இரவு இரண்டு மணிக்கு வார்டில் இருக்கப்போகும் மருத்துவச்சிதான். பதினைந்து நாள் முகாமுக்கு வந்துபோகும் நிபுணரால் இது ஆகாது.

வெளிநாட்டவர் எதற்குமே லாயக்கில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்னலேனா தொனெல்லி என்ற இத்தாலியப் பெண், 1970-களில் கென்யாவின் வஜீரில் சோமாலி நாடோடிகளுக்குக் காசநோய் வைத்தியம் பார்த்தார். அப்போது மாத்திரை ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட வேண்டும். ஒட்டகத்தோடு மழையைத் தேடி நகரும் ஆள் மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பானா? தப்பித்து ஓடிவிடுவான். அவர் கட்டிலை எடுத்துவிட்டார். வெட்டவெளியில் நோயாளிகள் தங்கள் வழக்கப்படியே குடிசை போட்டுக்கொள்ளலாம், குடும்பத்தோடு இருக்கலாம். ஒரே நிபந்தனை, தினமும் கண்முன்னால் மாத்திரையை விழுங்க வேண்டும், ஆறு மாதம். அந்த முறைதான் பின்னாளில் உலகமெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு முன்னோடிகளில் ஒன்று. 1984-ல் வகல்லாவில் கென்யப் படை சோமாலியர்களைக் கொன்று குவித்ததை அம்பலப்படுத்தியதால் கென்யாவை விட்டுப் போக வேண்டியதாயிற்று. பின்னர் போராமாவில் காசநோய் மருத்துவமனை நடத்தினார். 2003 அக்டோபர் 5 அன்று அந்த வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவரால் பயிற்சி பெற்ற சோமாலி ஊழியர்கள் இருந்ததால் மருத்துவமனை அவரோடு சாகவில்லை.

இப்போது 'உள்ளூர்' என்ற சங்கதிக்கே வருகிறேன், ஏனென்றால் இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 2011 ஜூலையில் ஐநா பஞ்சம் என்று அறிவித்தபோது செத்துக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் ரஹன்வெய்ன் (முன்பு சொன்ன திகில்-மிரிஃப்லே) குலத்து விவசாயிகளும், பாண்டு (Bantu) என்று அழைக்கப்படும் சிறுபான்மையினரும். அந்தப் பஞ்சத்தில் சுமார் 2,58,000 பேர் இறந்தார்கள், பாதிப்பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். தப்பிப் பிழைத்து மொகதிசு வந்தவர்கள் யாரோ ஒருவரின் தனியார் நிலத்தில் குடிசை போட்டார்கள். அந்த முகாமுக்கு ஒரு 'பொறுப்பாளர்' இருப்பார். வரும் உதவியில் அவருக்குப் பங்கு உண்டு, அவரைத் தாண்டி உள்ளே போக முடியாது. பொறுப்பாளர், தொண்டு நிறுவனம், நில உரிமையாளர் மூவரும் நகரத்தின் பெரிய குலத்தவர், முகாமில் கிடப்பவர்கள் நாதியற்றவர்கள்.

ஒரு தன்னார்வலர் வண்ணப் பட்டையோடு வருகிறார் என்று வையுங்கள். குழந்தையின் மேல்கையைச் சுற்றிப் பட்டையை இழுக்கிறார். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் சிவப்பு, கடுமையான ஊட்டக்குறைவு, உடனே சத்துப் பசைப் பொட்டலம் எழுத வேண்டும். அளவு நேர்மையானது, பட்டைக்குக் குலம் தெரியாது. ஆனால் எந்தக் குடிசை வரிசைக்குப் பட்டை போகிறது, பதிவேட்டில் எந்தப் பெயர் ஏறுகிறது, வீட்டுக்குப் போன பொட்டலத்தில் எத்தனை சந்தைக்குத் திரும்புகிறது என்பதையெல்லாம் தீர்மானிப்பது 'உள்ளூர்' ஆட்கள்தான். ஆகவே உள்ளூர் அமைப்பு என்றாலே ஏழைகளின் அமைப்பு என்று நம்புவதும் ஒரு சோம்பேறித்தனம். நல்ல வெளி அமைப்புகள் ஒரே கூட்டாளியிடம் எல்லாவற்றையும் கொடுப்பதில்லை. முகாமுக்குள் வேறொரு வழியில், தொலைபேசியிலோ பெண்கள் குழு மூலமோ, கேட்டுச் சரிபார்க்கிறார்கள்.

பணம் போகும் பாதையும் வினோதமானது. வெகுகாலம் வங்கியே இல்லாத நாடு. ஹவாலா எனப்படும் பணமாற்றுக் கடைகள் வழியாகத்தான் சம்பளம் போனது. 2001 நவம்பரில் அமெரிக்கா அல்-பரகாத் என்ற பெரிய ஹவாலா நிறுவனத்தை முடக்கியது. 2013-ல் பிரிட்டனில் பார்க்ளேஸ் வங்கி சோமாலிப் பணமாற்று நிறுவனங்களின் கணக்குகளை மூட முனைந்தது. ஒரு பக்கம் பயங்கரவாதத் தடைச் சட்டம், அல்-ஷபாப் என்ற இஸ்லாமிய ஆயுதக் குழுவுக்கு ஒரு டாலர் போனாலும் வழக்கு. இன்னொரு பக்கம் அல்-ஷபாப், 2011 நவம்பரில் பஞ்சத்தின் நடுவிலேயே 16 உதவி அமைப்புகளுக்குத் தடை. இந்த இரண்டுக்கும் நடுவில் சாலைத் தடுப்பில் நின்று பேசி மருந்துப் பெட்டியை எடுத்துப் போக வேண்டியவர் அந்த 'நடுவில் உள்ள கை'தான். வெளிநாட்டு மேலாளர் நைரோபியில் உட்கார்ந்து அறிக்கை கேட்பார்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஆபத்து முழுக்க உள்ளூருக்கு, நிர்வாகச் செலவு முழுக்க வெளியூருக்கு. உள்ளூர் அமைப்புக்கு ஆறு மாத ஒப்பந்தம், மருந்துக்கும் சம்பளத்துக்கும் மட்டும் பணம். கணக்காளர் சம்பளம், அலுவலக வாடகை, ஊழியர் காப்பீடு கேட்டால் "அது திட்டத்தில் இல்லை". அப்புறம் கணக்கு சரியில்லை என்று புகார். 2016-ல் இஸ்தான்புல் மாநாட்டில் பெரிய நன்கொடை நாடுகளும் அமைப்புகளும் 2020-க்குள் நிதியில் 25 சதவீதத்தை முடிந்தவரை நேரடியாக உள்ளூர் அமைப்புகளுக்குத் தருவோம் என்று கையெழுத்துப் போட்டன. அந்த இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. 2025-ல் அமெரிக்க உதவி திடீரென வெட்டுப்பட்டபோது சோமாலியா முழுக்க மருத்துவ நிலையங்கள் மூடின. வெளி அமைப்புக்குச் சேமிப்பு இருக்கும், உள்ளூர்க் கூட்டாளிக்கு அடுத்த மாத வாடகை கிடையாது.

ஆக, நன்கொடை கொடுப்பதா வேண்டாமா என்றால், கொடுங்கள், ஆனால் இரண்டு வரி மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிட்டு. கட்டிடம் யார் பெயரில் இருக்கிறது? கூட்டாளி அமைப்பின் பெயர் என்ன, எத்தனை வருடமாக அந்த ஊரில் இருக்கிறது, அவர்களுக்கு நிர்வாகச் செலவு தருகிறீர்களா? ஒப்பந்தம் முடிந்தால் மருத்துவச்சியின் சம்பளம் எங்கிருந்து வரும்? கூட்டாளியின் பெயரைச் சொல்லத் தயங்கினால் உடனே சந்தேகப்பட வேண்டாம், அல்-ஷபாப் பகுதியில் பெயர் வெளியே வந்தால் ஆளுக்கு ஆபத்து. மற்ற கேள்விகளுக்குப் பதில் வராமல் புகைப்படங்கள் மட்டும் வந்தால் வேறு அமைப்பைப் பாருங்கள்.